களனி முகத்துவாரக் கோர்: இலை மெழுகுக்குக் கதிர்க்காபன் வயது எடுக்கலாமா?

கோர்_கொழும்பு:
களனி கங்கை முகத்துவாரத்துக்கு வெளியே எடுத்த அடையல் கோர் (குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தூண்). ஒரே ஆழத்தில் ஃபொராம் (கடலில் வாழும் நுண்ணுயிர்) ஓடுகளை விட மொத்தச் சேதனக் காபன் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்ததாக வருகிறது. அமிலமிட்டுக் காபனேற்றை முழுதாக நீக்கிய பிறகும் அப்படித்தான். இலை மெழுகிலுள்ள, 28 காபன் கொண்ட சி28 கொழுப்பமிலத்தைத் தனியே பிரித்தால் படிந்த காலம் சரியாகக் கிடைக்குமா? உலர்ந்த மண் 30 கிராம் இருக்கிறது.

அடிமண்:
கிடைக்காது. சி28 தரைத் தாவர இலை மெழுகு. உதிர்ந்த பிறகு மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்துவிட்டுத்தான் வெள்ளத்தோடு கங்கையில் இறங்கும். மண் கடலுக்கு வர எவ்வளவு காலம் எடுத்தது என்பதே கேள்வியானால், இதைவிட நல்ல குறி இல்லை. படிந்த காலத்துக்கு ஃபொராமையே நம்புங்கள். கடலிலேயே பாசியில் உருவாகும் கொழுப்பான அல்கீனோனும் நுண்துகளோடு அடிநீரோட்டத்தில் அள்ளுண்டு வரும். அத்திலாந்திக்கின் பேர்முடா மேட்டில் அது ஃபொராமை விட 7,000 ஆண்டு வரை மூத்ததாக இருந்தது 2002இல் வெளியானது.

அளவு விஷயம்: கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம் சி28 என்று வைத்தால் 30 கிராமில் 15. அதில் 79 சதவீதம் காபன், ஏறத்தாழ 12 மைக்ரோகிராம். சுத்திகரிப்பில் பாதி போனால் மிஞ்சுவது 6. அந்த அளவில் வரும் வயதை வைத்து எதுவும் பேச முடியாது. சி24 முதல் சி32 வரையான இரட்டை எண் அமிலங்களை ஒன்றாகச் சேர்த்து எடுங்கள்.

உப்புக்காற்று:
பிரிப்பதை விட பிளாங்க்தான், அதாவது வேலையின்போது வெளியிலிருந்து சேரும் காபன்தான், ஆளை விழுத்தும். டைகுளோரோமெதேன், மெதனோல் 9:1இல் பிரித்தெடுத்து, மெதனோலில் கரைத்த 0.5 மோலர் பொட்டாசியம் ஐதரொட்சைட்டோடு 70 பாகையில் 2 மணிநேரம். நடுநிலைப் பகுதியை எக்சேனால் எடுத்துவிட்டு, பிஎச் 2க்கு இறக்கினால் அமிலங்கள் வரும். மெதைல் எஸ்தராக்கி, தயாரிப்பு ஜிசியில் (சேர்மங்களைப் பிரித்துச் சேகரிக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி) 50 தடவைக்கு மேல் ஊசி போட வேண்டும். உச்சியை முழுதாகப் பிடியுங்கள்: பாரமான காபன் முந்தி வரும், வாலை வெட்டினால் டெல்டா-13 (காபன்-13 விகிதம்) கோணும்.

ஜிசி நிரலிலிருந்து கசிவது பெற்றோலியக் காபன். 10,000 ஆண்டு மாதிரியில், அளந்த 50 மைக்ரோகிராமில் 2 அதுவாக இருந்தால் வயது 330 ஆண்டு கூடும். அதே 2 நவீன காபனானால் 750 ஆண்டு குறையும். அதனால் பிரித்த பிறகு இன்னொரு சிலிக்கா நிரல் கட்டாயம். கண்ணாடி எல்லாவற்றையும் 450 பாகையில் சுட்டெடுங்கள். கொழும்பு வெக்கையில் கோரை வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் நவீன காபன். எல்லாவற்றிலும் மோசமானது, காபன்-14 இட்டுப் பாசி உற்பத்தி அளந்த மேசையும் குளிர்சாதனப் பெட்டியும். துடைப்புச் சோதனை (மேற்பரப்பைத் துடைத்துக் காபன்-14 அளப்பது) செய்யாமல் அந்த அறைக்குள் மாதிரியைக் கொண்டுபோகாதீர்கள்.

கோர்_கொழும்பு:
எஸ்தராக்கும்போது சேரும் மெதைல் காபனை எப்படிக் கழிப்பது?

அடிமண்:
முதலில் பிளாங்க் திருத்தம், பிறகு இது. சி28 எஸ்தரில் 29 காபன். எஸ்தரின் எஃப் பெறுமானத்தை (நவீன காபனோடு ஒப்பிட்ட காபன்-14 விகிதம்) 29ஆல் பெருக்கி, மெதனோலின் எஃப்பைக் கழித்து, 28ஆல் வகுக்கவும். பெற்றோலிய வழி மெதனோலுக்கு எஃப் பூச்சியம்; திருத்தாமல் விட்டால் 280 ஆண்டு மூத்ததாகக் காட்டும். போத்தல் மாறினால் மெதனோலை மறுபடி அளக்க வேண்டும்.

அளவுதிருத்தத்தில் ஒன்று: ஃபொராமுக்கு மரைன்20 (கடல் மாதிரிக்கான அளவுதிருத்த வளைகோடு), அதற்கென்றே கணித்த டெல்டா ஆரோடு (உள்ளூர்க் கடலுக்கான திருத்தம்). முந்தைய வளைகோடான மரைன்13க்குக் கணித்ததை அப்படியே போட வேண்டாம். இலை மெழுகின் காபன் காற்றிலிருந்து வந்தது, அதற்குக் கடல் திருத்தமே கிடையாது.