ஒன்றாம் வகுப்பு, முதல் பருவம்: எழுத்து தெரிகிறது, சொல் படிக்க வரவில்லை

வேப்பங்கன்று:
வணக்கம். மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, தமிழ்வழி. அ முதல் ஃ வரை மளமளவென்று சொல்கிறாள். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் ‘ப, ட, ம்’ என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறாள். எண் 20 வரை சொல்கிறாள். 14-ஐ மட்டும் காட்டினால் ஒன்றிலிருந்து எண்ணி வந்துதான் சொல்ல முடிகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையான பருவத்தில் எந்த அளவு வந்திருக்க வேண்டும்? விடுமுறையில் வீட்டில் என்ன செய்யலாம்?

சிலேட்டுக்குச்சி:
‘படம்’ என்ற சொல்லில் நிற்பது குழந்தையின் குறையே இல்லைங்க. தனியாக ‘ட’ என்று சொல்லும்போது ஓசை வல்லென்று வரும். ‘படம்’ என்னும்போது மென்மையாகிவிடும். அவள் மூன்றையும் சரியாகச் சேர்த்தாலும் காதில் விழுவது ‘பட்டம்’ மாதிரி ஒன்று. தெரிந்த சொல்லாக அது படாது. ‘நகம்’, ‘பகல்’ எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான்.

அதனால் ஓசை மாறாத எழுத்துகளில் தொடங்குங்கள். மரம், மணல், வயல், மலர், வனம். இவை எல்லாமே மெல்லினமும் இடையினமும்தான். சேர்த்தால் அப்படியே சொல் கிடைக்கும். இவை ஓடிய பிறகு பக்கம், பட்டம், அப்பா. கடைசியாகத்தான் படம், நகம். எழுத்துக்கு எழுத்து நிறுத்தாமல், விரலை அடியில் இழுத்துக்கொண்டே ‘மமமரரரம்’ என்று இழுத்துப் படிக்கட்டும்.

புள்ளியையும் பாருங்கள். ‘மரம்’ எழுதி, புள்ளியை அழித்துவிட்டுப் படிக்கச் சொன்னால் ‘மரம’ என்று வர வேண்டும். அப்போதும் ‘மரம்’ என்றே சொன்னால் எழுத்தைப் பார்க்கவில்லை, சொல்லின் வடிவத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள்.

உயிரெழுத்துக்கு ஒரு சோதனை: 12 அட்டைகளையும் கலைத்துப் போட்டு ‘ஊ எங்கே?’ என்று கேளுங்கள். வாய் அ-விலிருந்து பாடிக்கொண்டு வந்தால் தெரிவது பாட்டு, எழுத்து இன்னும் வரவில்லை. எ–ஏ, ஒ–ஓ மட்டும் இந்த வயதில் நிறையக் குழம்பும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்று கைதட்டிச் சொல்ல வையுங்கள்.

புளியங்கொட்டை:
கணக்குக்கு நான் சொல்கிறேன். 20-க்குப் போகும் முன் 1 முதல் 9 உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். 5 புளியங்கொட்டையைக் காட்டி, கையால் மூடி, 2-ஐ மட்டும் வெளியே எடுத்து ‘உள்ளே எத்தனை?’ என்று கேளுங்கள். திறக்காமல் 3 என்றால் 5 அவளுக்கு வசப்பட்டுவிட்டது. எண்ணும்போது கொட்டையை இடமிருந்து வலமாகத் தள்ளிக்கொண்டே எண்ணட்டும். விரலால் தொட்டு மட்டும் எண்ணினால் வாய் ஒரு வேகத்தில், விரல் ஒரு வேகத்தில் போய் ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவார்கள்.

பிறகு 20 தீக்குச்சி, மருந்துமுனையைக் கிள்ளிவிட்டு. பத்தை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது அவள் வேலை. 14 என்றால் ஒரு கட்டு, நான்கு உதிரி. கட்டை அவிழ்க்காமல் ‘பத்து’ என்று தொடங்கி எண்ணப் பழகினால் ஒன்றிலிருந்து வரும் பழக்கம் போய்விடும். இங்கே தமிழ் பெரிய உதவி: பதினான்கில் பத்து முன்னால் கேட்கிறது. ‘ஃபோர்டீன்’ என்றால் நான்குதான் முதலில் கேட்கும். ஆங்கிலவழிக் குழந்தைகள் 41 என்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். பன்னிரண்டு மட்டும் கொஞ்சம் உருமாறி நிற்கும், அதற்குக் கூடுதல் பயிற்சி கொடுங்கள்.

வேப்பங்கன்று:
மிக்க நன்றி. உயிர்மெய் முழுவதையும் இந்த விடுமுறையிலேயே எழுத வைத்துவிடலாமா? பக்கத்து வீட்டுப் பையன் அட்டவணையையே எழுதுகிறான்.

சிலேட்டுக்குச்சி:
வேண்டாங்க. அட்டவணை எழுதும் குழந்தை வரிசையைப் பார்த்துக் கோடு சேர்க்கும். நடுவில் ‘து’வைக் காட்டினால் முழிக்கும். முதலில் துணைக்கால் (ா) மட்டும்: பல்–பால், கல்–கால் என்று ஓசை நீள்வதைக் காட்டுங்கள். துணைக்காலை ‘ர’ என்று படித்தால் இரண்டையும் பக்கத்தில் எழுதி வேறுபடுத்துங்கள். பிறகு ி, ீ.

உகர வரிசைக்கு அவசரமே கூடாது. கு, டு, மு ஒரு வடிவம். சு, பு, வு வேறு. து, நு, லு இன்னொன்று. ஒரே ஓசைக்கு மூன்று உரு, அதனால் மூன்று குழுவாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். கெ, கே, கொ இன்னும் கடினம்: காதில் பின்னால் வரும் ஓசைக்கு முன்னால் கொம்பு போட வேண்டும். அதனால்தான் குழந்தைகள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடுகிறார்கள்.

தாழ்வாரம்:
ஒன்று சேர்க்கிறேன். 2022-23 முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. பக்கத்து வீட்டை அளவுகோலாக வைக்காதீர்கள். பள்ளிக்குப் போகும்போது வகுப்பாசிரியரிடம் ‘எந்தெந்த எழுத்து இன்னும் உறுதியாகவில்லை?’ என்று கேட்டு, அந்த நான்கைந்தை மட்டும் ஒரு தாளில் குறித்து வாங்கி வாருங்கள். விடுமுறைக்கு அதுவும் தீக்குச்சிக் கட்டும் போதும், ஒரு நாளைக்கு 15 நிமிடம்.