கோட்டையைத் தேடிப் போய்ப் புல்வெளியைப் பார்த்த கதை

அண்ணா, கனடாவின் மேற்குக் கரைப் பக்கம் இருக்கிற ஃபோர்ட் லாங்லி கோட்டைக்குப் போன அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். நான் மூன்று தடவை போயிருக்கிறேன். 1827இல் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனி கட்டிய கோட்டை அங்கே இல்லை என்பது மூன்றாவது தடவைதான் தெரிந்தது! முதல் கோட்டை ஃப்ரேசர் ஆற்றோடு நாலு கிலோமீட்டர் கீழே, இன்றைய டெர்பி ரீச் பூங்காவில் இருந்திருக்கிறது.

விடுவேனா? அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். புல்வெளி, ஒரு நினைவுக் கல், பக்கத்தில் கலங்கலாக ஓடும் ஆறு. அப்பா கல்லை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கோட்டை எங்கடா?" என்றார். "நாம நிக்கிற இடம்தான்பா." "சரி, புளியோதரையை எடு."

கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் மெக்மில்லன் தன் ஆட்களோடு கேட்போரோ என்ற பாய்மரக் கப்பலில் வந்து மரக்கோட்டை எழுப்பியது இங்கேதான். பன்னிரண்டு வருஷம் தாக்குப்பிடித்தது. 1839இல் விளைநிலத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஆற்றின் மேல்பக்கம் போய்ப் புதுக்கோட்டை கட்டினார்கள். மறு வருஷம் ஏப்ரலில் அது எரிந்துபோனது. திரும்பவும் கட்டினார்கள். இன்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

*

அண்ணா, அங்கேயும் பெரும்பாலானவை பிற்பாடு கட்டியவைதான். பண்டகசாலை மட்டும் 1840களின் அசல் கட்டடம். அதை விட்டுவிடாதீர்கள். உள்ளே பீவர் என்கிற நீர்விலங்கின் தோலைத் தொட்டுப் பார்க்கலாம். மேலே முரட்டு முடி. விரலை நுழைத்தால் அடியில் இலவம்பஞ்சு மாதிரி இன்னொரு முடி. ஐரோப்பாவில் தொப்பி செய்ய அந்த அடிமுடிதான் வேண்டியிருந்ததாம். இதற்காகவா இத்தனை கடல் தாண்டினார்கள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

பீப்பாய் செய்கிறவரின் பட்டறையில் என் பெண் ஒரு மணி நேரம் நகரவில்லை. தோல் வியாபாரத்துக்குப் பீப்பாய் எதற்கு என்று கேட்டால், மீனுக்காம். சால்மனை உப்பிட்டு அடைத்து ஹவாய் வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

*

அந்த மீனைப் பிடித்துக் கொண்டுவந்து விற்றவர்கள் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான குவாண்ட்லன் மக்கள். அவர்கள் இல்லாவிட்டால் கோட்டைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். நான் போன அன்று மழை, குதிரைவண்டி எதுவும் ஓடவில்லை. அதனால் ஆற்றங்கரையில் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். எதிரே தெரிகிற தீவில்தான் குவாண்ட்லன் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். தீவின் பெயரைப் பார்த்தேன்: மெக்மில்லன் தீவு.