மறு: ‘தாச்சி’, ‘கமாயே’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கம்: யோகோஹாமாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் நான்கு மாதமாக ஷோட்டோகான் கராத்தே கற்கிறேன். வெள்ளைப் பட்டை. குறிப்பேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். குத்து, உதை, தடுப்பு என்று மற்றவற்றுக்கெல்லாம் சொல் தயாராக இருந்தது; நிற்கும் வகையான ‘தாச்சி’க்கும், எதிராளியை நோக்கி ஆயத்தமாகும் ‘கமாயே’க்கும்தான் இல்லை. நான்கு மாதமும் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்ததால் குறிப்பேடு ஏறக்குறையக் காலியாக இருக்கிறது.

> ‘நிலைப்பாடு’ என்றே வைத்துவிடலாமே? அல்லது தோரணை, ஆசனம்?

‘நிலைப்பாடு’ அரசியல் கட்சிகளிடம் போய்விட்டது, ஐயா. அதைத் திரும்பப் பிடுங்க நம்மால் ஆகாது. ‘தோரணை’யில் மிடுக்கு இருக்கிறது, தொடை நடுங்க நிற்பவனுக்கு அது பொருந்தாது. ‘ஆசனம்’ உட்காருவதில் பிறந்த சொல்.

> மொழிபெயர்ப்பதே தவறு. உலகமெங்கும் தாச்சிதான்.

வகுப்பில் ஆசிரியர் கூவும் கட்டளை ஜப்பானியத்திலேயே இருக்கட்டும், மறுப்பில்லை. பெயரை மாற்றினால் கலை கெட்டுவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஷோட்டோகான் மரபின் மூலவரான ஃபுனாகோஷி கிச்சின் ஒக்கினாவாக்காரர். 1922இல் தோக்கியோவுக்கு வந்து அங்கேயே கற்பிக்கத் தொடங்கியவர், பல கத்தாக்களின் (வரிசையாகச் செய்யும் பயிற்சி அசைவுத் தொகுப்புகளின்) ஒக்கினாவாப் பெயர்களை மாற்றினார். ‘நைஹான்ச்சி’ அவர் கையில் ‘தெக்கி’ ஆயிற்று. ஓரெழுத்து இரும்பு, மற்றது குதிரையேறுதல். முதலிலிருந்து கடைசிவரை குதிரைமேல் இருப்பதைப்போலவே கால் அகட்டி நின்று செய்யும் கத்தா அது. பெயரே பாடம் சொல்லிவிடுகிறது. அவர் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

தவிர, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்: ‘தாச்சி என்றால் எங்கள் வீட்டில் மிளகாய் பொரிக்கிற சட்டி.’ இனி ‘முன்தாச்சி’ என்று எழுத எனக்குக் கை வராது.

சரி, முதற்சொல். ‘தாச்சி’ என்பது ‘நில்’ என்னும் பொருள்கொண்ட ‘தாட்சு’ வினையின் பெயர்வடிவம். அப்படியானால் ‘நிலை’ போதும். இது நான் புதிதாக ஆக்கியதும் அல்ல. நம் நிகண்டுகள் வில்லாளி நிற்கும் வகைகளை ‘வில்லோர் நிலை’ என்றுதான் சொல்கின்றன: பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம். ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி நிற்பது ஆலீடம். கால் மாற்றினால் பிரத்தியாலீடம். ‘ஜென்குட்சு தாச்சி’யின் படத்தைப் பார்த்தவருக்கு இது திடுக்கிட வைக்கும். ஆனாலும் ஆலீடத்தைத் தூசு தட்டி எடுக்க எனக்கு விருப்பமில்லை. ‘ஜென்’ முன், ‘குட்சு’ மடிதல். ‘முன்மடி நிலை’ என்றால் ஒரு சிறுவனுக்கும் எந்தக் கால் மடிய வேண்டும் என்பது விளங்கும். உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு மடிந்த முன்காலில். பின்கால் நீண்டு, குதிகால் தரையில் பதிந்து. இதிலே என் குறை, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இரு பாதங்களும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். தோளகலம் போய்விடும். ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு விரலால் தோளைத் தொடுவார், நான் சாய்ந்துவிடுவேன்.

எடை பின்காலுக்கு மாறினால், ஏறக்குறைய 70 விழுக்காடு, ‘பின்மடி நிலை’. ‘நெக்கோ ஆஷி’ என்ற இன்னொரு நிலை சொல்லுக்குச் சொல் ‘பூனைக்கால்’. ஜப்பானியரின் ‘ஆஷி’ பாதத்தையும் குறிக்கும், முழுக்காலையும் குறிக்கும். நம் ‘கால்’ அப்படியே. பூனைக்காலி என்ற அரிப்புக் கொடியோடு குழப்பம் வருமே என்றார் அம்மையார் ஒருவர். வராது.

> கிபா தாச்சிக்கு (குதிரையேறியவரைப்போல் நிற்பதற்கு) பரதத்தின் ‘அரைமண்டி’ இருக்கிறதே, ஏன் தேட வேண்டும்?

எனக்கும் முதலில் ஆசை வந்தது. அரைமண்டியில் குதிகால்கள் அருகருகே இருக்கும், விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். கிபாவில் பாதங்கள் நன்கு அகன்று, இரண்டும் நேர் முன்னோக்கி, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பரதம் பயின்ற ஒருவர் இந்தப் பெயரை நம்பி வந்தால் முதல் நாளே தவறாக நிற்பார். ‘குதிரை நிலை’யும் சரியில்லை; நாம் குதிரை அல்ல, ஏறியிருப்பவர். ‘சவாரி நிலை’ என்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆபத்து எங்கே என்பதற்கு ‘ஹாச்சிஜி தாச்சி’ நல்ல சான்று. ‘எட்டு எழுத்து நிலை’ என்று பொருள். அவர்களுடைய எட்டு, உச்சியில் ஒட்டாமல் இருபுறமும் சரியும் இரண்டு கோடுகள்: 八. பாதங்கள் அப்படி விரிந்திருக்கும். நாம் ‘எட்டு நிலை’ என்றால் ஓட்டுநர் உரிமத் தேர்வுதான் நினைவுக்கு வரும். ‘விரிகால் நிலை’ என்று எழுதிக்கொண்டேன்.

இனிக் கடினமானது. ‘கமாயே’யையும் நிலை என்றே பலர் எழுதியிருக்கிறீர்கள். தாச்சி இடுப்புக்குக் கீழே. கமாயே கை, கண், எதிராளி மேலுள்ள கவனம் எல்லாம் சேர்ந்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுனாகோஷியின் இருபது நெறிகளில் பதினேழாவதையே சோதனையாக வைக்கலாம். கமாயே தொடக்கக்காரருக்கு, பிறகு இயல்பான நிற்பு என்பது அதன் கருத்து. ‘நிலை தொடக்கநிலையினருக்கு, பிறகு இயல்நிலை’ என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வருகிறது.

என் பரிந்துரை: ‘கட்டு’. ‘கமாயேரு’ என்ற வினை வாளேந்தி ஆயத்தமாவதற்கு மட்டும் உரியதன்று. கடை போடுவதற்கும் அதே வினைதான். எழுத்திலும் இடப்பக்கம் மரத்தைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. நாமும் வீடு கட்டுகிறோம், வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறோம், மல்லுக்கட்டுகிறோம். ‘கட்டு தொடக்கக்காரருக்கு, பிறகு இயல்நிற்பு.’ கட்டற்ற மென்பொருள்காரர்கள் நிறைந்த இந்தக் குழுமத்தில் அந்த இரண்டாம் பாதிக்கு வேறு சொல்லும் தோன்றலாம்.

அன்புடன்,
வெள்ளைப் பட்டை

---

> ‘நிலை’, ‘முன்மடி நிலை’ ஏற்கிறேன். நான் கெண்டோ (ஜப்பானிய வாட்பயிற்சி) பயில்கிறேன். எங்களுக்குக் கமாயே ஐந்து. சூதானை ‘நடுக்கட்டு’ என்றால் பழைய வீட்டின் கூடம்போல ஒலிக்கிறதே? எங்கள் பாட்டி வீட்டில் இரண்டாங்கட்டில் சமையல், மூன்றாங்கட்டில் மாடு.

உண்மைதான், அக்கா. ‘கமாயே’யில் வீடு என்ற பொருளை ஜப்பானியர் சுமக்கும்போது நாமும் சுமக்கலாம் என்று முதலில் வாதாட நினைத்தேன். பிறகு உரக்கச் சொல்லிப் பார்த்தேன், மாடுதான் தெரிகிறது. வாள்முனை எதிராளியின் தொண்டையை நோக்கும் அந்தக் கட்டுக்கு ‘இடைக்கட்டு’ என்று மாற்றிவிட்டேன். ஜோதான் ‘மேற்கட்டு’, கெதான் ‘கீழ்க்கட்டு’, வாக்கி ‘பக்கக்கட்டு’. ஹஸ்ஸோவை மட்டும் உங்களிடம் விடுகிறேன். அதிலும் அந்த எட்டு வருகிறது.