கட்லா மீன் வயிறு உப்பிச் சாகிறது, இரண்டு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை

ஒரத்தநாடு_குளம்:
வணக்கம். 60 சென்ட் குளம், 5 அடி தண்ணீர். சித்திரையில் கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று கெண்டை இனமும் சேர்த்து 4,500 விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) விட்டேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் தீவனம், அவ்வப்போது கோழி எரு. மழை பிடித்துப் பத்து நாள் வெயிலே இல்லை. அதிலிருந்து கட்லா கரையோரம் ஒதுங்குகிறது. வயிறு உப்பி, கண் பிதுங்கி, துடுப்படியில் ரத்தம் கட்டியிருக்கிறது. தீவனக் கடையில் சொன்னபடி சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்து 5 நாள் தவிட்டில் கலந்தேன். அப்புறம் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் 4 நாள். இன்று காலையும் 23 மீன் செத்து மிதந்தது. இதைவிட வீரியமான மருந்து எது? நாளைக்குச் சுண்ணாம்பு 50 கிலோ கொட்டலாமா?

மீன்நோய்_ஆய்வகம்:
சார், சுண்ணாம்பு வேண்டாம். எருவும் மிச்சத் தீவனமும் அடியில் அழுகி அம்மோனியா ஏறியிருக்கும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது காரத்தன்மையை, உயர்த்தும், அது உயர்ந்தால் அதே அம்மோனியா கொடிய நஞ்சாகும். ஒரே ராத்திரியில் குளத்து மீன் முழுக்கச் செத்து மிதக்கும்.

எருவையும் தீவனத்தையும் இன்றே நிறுத்துங்கள். விடியற்காலை 4 மணிக்குக் குளத்தைப் பாருங்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். வெயில் இல்லாத நாள்களில் பாசி போதிய ஆக்சிஜன் தராது. போர் தண்ணீரை உயரத்திலிருந்து தெளித்து விழச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

அறிகுறிகள் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா நோய் போலத் தெரிகிறது. அது எல்லாக் குளத்திலும் இருக்கும் கிருமிதான், மீன் தளரும்போது கை ஓங்கும். நீங்கள் விட்டதும் அதிகம்: ஹெக்டேருக்கு 10,000 விரலி என்று வைத்தால் உங்கள் 60 சென்ட் (0.24 ஹெக்டேர்) குளத்துக்கு 2,400 போதும்.

நோயுற்ற மீன் இரை எடுக்காது. உங்கள் மருந்தைத் தின்றது நன்றாக இருந்த மீன். தவிட்டில் கலந்ததில் நிறைய தண்ணீரில் கரைந்திருக்கும். கெண்டை இனங்களின் குடல் ஆக்ஸிடெட்ராசைக்ளினைக் குறைவாகத்தான் உறிஞ்சும், மீதி எச்சத்தோடு சேற்றுக்குப் போகும். சாகடிக்கப் போதாத மருந்தில் கிருமி நாள்கணக்கில் கிடந்தால், தாங்குகிறவை மட்டும் பெருகும். அந்தத் தாங்கும் திறனைப் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். வலை இழுப்பவர் காலில் கீறல் இருந்தால் இதே கிருமி அந்தப் புண்ணிலும் இறங்கலாம். அப்போது மருத்துவர் எழுதுவதும் சிப்ரோவாக இருந்தால் என்ன செய்வது?

போன ஐப்பசியில் ஒருவர் ரோகு கொண்டுவந்தார். அதன் கிருமியைத் தட்டில் வளர்த்து, எது கொல்கிறது என்று பார்க்க எட்டு ஆன்டிபயாடிக் வில்லைகள் வைத்தேன். மறுநாள் ஐந்து வில்லைகளின் ஓரம்வரை கிருமி வளர்ந்திருந்தது, அந்த ஐந்தும் பலிக்கவில்லை என்று அர்த்தம். அவற்றில் ஒன்றான ஆம்பிசிலினுக்கு ஏரோமோனாஸ் இயல்பாகவே அடங்காது. மற்ற நான்கும் அவர் இரண்டு வருடமாக மாற்றி மாற்றிக் கொடுத்தவை. அந்தத் தட்டை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், வெகுநேரம் பேசவே இல்லை.

சோர்ந்து கிடக்கும், ஆனால் உயிருள்ள நாலு மீனை ஆக்சிஜன் நிரப்பிய பையில் குளத்துத் தண்ணீரோடு எடுத்துச் செல்லுங்கள். செத்து மிதந்ததில் கண்ட கிருமியும் ஏறியிருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.

மன்னார்குடி_மீன்:
அண்ணே, மேடம் சொல்வது சரி. எங்கள் குளத்தில் ஒரு ஏரேட்டர் (தண்ணீருக்குக் காற்றூட்டும் கருவி) போட்டு, பாதி மீனை வேறு குளத்துக்கு மாற்றிய பிறகு சாவு நின்றது. மருந்து ஒரு மாத்திரைகூடப் போடவில்லை.

ஒரத்தநாடு_குளம்:
நன்றி மேடம், நன்றி தம்பி. வியாபாரி நாளைக்கே வலை போட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அரை கிலோ மீன், நல்ல விலை. கொடுத்துவிடலாமா?

மீன்நோய்_ஆய்வகம்:
கொடுக்காதீர்கள் சார். மீனில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஒரு வரம்புக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நேற்றுவரை மருந்து தின்ற மீன் அது, யாரோ ஒரு வீட்டில் குழந்தைக்கும் ஊட்டுவார்கள். மாதிரியின் முடிவு வரட்டும், எத்தனை நாள் காத்திருப்பது என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

ஒரத்தநாடு_குளம்:
வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போர் ஓடுகிறது. காலையில் நாலு மீனோடு நாகைக்குக் கிளம்புகிறேன். செத்ததை வாய்க்காலில் போடாமல் குழி வெட்டிப் புதைத்தாயிற்று.