பர்மிங்காம் தமிழ்த் தோட்டக் குழு: பாட்டில் பிரஷ் கருகினா என்ன பண்றது?

தீபா: சுமதி அக்கா, முன்வாசல் பாட்டில் பிரஷ் (பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி பூக்கிற புதர்ச்செடி) ஒரே வாரத்துல பழுப்பாயிடுச்சு. நாலு ராத்திரியா மைனஸ் 6. வெட்டிடட்டுமா?

சுமதி அக்கா: கத்தரியை எடுக்காத தீபா! நுனியிலேர்ந்து கீழே வரைக்கும் அங்கங்க நகத்தால லேசா சுரண்டிப் பாரு. தோலுக்கு அடியில பச்சையா, ஈரமா இருந்தா உயிர் இருக்கு. பழுப்பா சுள்ளி மாதிரி இருந்தா அந்த இடம் போச்சு.

தீபா: மேல ஒரு சாண் பழுப்பு. அதுக்குக் கீழ நல்ல பச்சை அக்கா.

சுமதி அக்கா: அப்ப பொழைச்சுக்கும். மே மாசம் துளிர் தெரிஞ்சதும், துளிருக்குச் சற்று மேல வெட்டு. இப்பவே வெட்டினா வெட்டின இடத்துலேர்ந்து பனி இன்னும் கீழ இறங்கும். பூ நுனியில வர்றதால இந்த வருஷம் பூ கம்மியாத்தான் இருக்கும்.

முரளி அண்ணா: குளிர் பாதி, காத்து பாதி தீபா. மண் உறைஞ்சா வேர் தண்ணி இழுக்காது. ஆனா இலை உதிராத செடி, ஈரத்தை விட்டுக்கிட்டே இருக்கும். கிழக்குக் காத்து சேர்ந்தா செடி நின்ன நிலையில காய்ஞ்சுடும். மண் வறண்டிருந்தா பனிக்கு முந்தின நாளே, மதியத்துக்குள்ள தண்ணி விட்டுடணும்.

குமார்: என்னோடது தொட்டியில இருக்குண்ணா.

முரளி அண்ணா: அதுக்குத்தான் கவனம் அதிகம் வேணும். நிலத்துல குளிர் மேலேர்ந்து மட்டும் இறங்கும், தொட்டியில நாலு பக்கமும். இன்னைக்கே தொட்டியைச் சுத்தி பபிள் ராப் ரெண்டு சுத்து. அடியில செங்கல் வெச்சுத் தூக்கு, ஓட்டை அடைபடக் கூடாது. செடி மேல ஃப்ளீஸ் துணி (பனிக்குப் போர்த்துற மெல்லிய தோட்டத் துணி) போதும். பிளாஸ்டிக் போட்டா உள்ள வேர்த்து, அந்த ஈரம் இலையிலேயே உறையும். தெற்கையோ மேற்கையோ பார்த்த சுவர் ஓரமா நகர்த்திடு. கிழக்கு பார்த்த சுவர் ஆகாது, உறைஞ்ச இலையில காலை வெயில் சுள்ளுன்னு பட்டா கருகும்.

செல்வி: புதுசா வைக்க எது நல்லது அக்கா?

சுமதி அக்கா: பாட்டில் பிரஷ் வகைகள்ல, டாஸ்மேனியாவோட விரிடிஃப்ளோரஸ் முதல்ல. பச்சை கலந்த மஞ்சள் பூ, குளிருக்கு அசையாது. ஆஸ்திரேலிய மலைப் பக்கத்து பிட்டியாய்டிஸும் அப்படித்தான். சிவப்புதான் வேணும்னா சுபுலாட்டஸோ ரிஜிடஸோ வை. நம்ம ஊர் பூங்காவுல தொங்குமே, அந்த விமினாலிஸ் இங்க வெளியில தாங்காது. செடியோட பேர்ச் சீட்டுல, பாட்டில் பிரஷோட அறிவியல் பேரான காலிஸ்டெமான்னு இல்லாம மெலலூக்கான்னு போட்டிருந்தாலும் குழம்பாத, பாட்டில் பிரஷை இப்ப சிலர் மெலலூக்காவுலயே சேர்த்துடறாங்க.

செல்வி: எங்க மண்ணு வெறும் களிமண் அக்கா.

முரளி அண்ணா: பல செடி சாகுறது அதனாலதான் செல்வி. குளிர்காலம் முழுக்க வேர் நீர்ல நின்னா அழுகிடும். 15 செ.மீ. மேடு கட்டி, கிரிட் (பொடிக்கல்) கலந்து, ஏப்ரல் கடைசியிலயோ மே மாசமோ நடு. இலையுதிர் காலத்துல நட்டா வேர் பிடிக்கிறதுக்குள்ள பனி வந்துடும். பட்டைத் தூள் 7 செ.மீ. பரப்பு, தண்டை ஒட்டி வேண்டாம். ஜூலைக்கு அப்புறம் உரமே போடாத, அப்ப வர்ற இளந்துளிர்தான் முதல் பனியில சாகும்.

தீபா: பூ முடிஞ்சதும் கிளையைச் சுத்தி மிளகு மிளகா ஒட்டிக்கிட்டு இருக்கே?

சுமதி அக்கா: விதைக்காய். வருஷக்கணக்கா உதிராது. பூ வாடினதும் அதுக்குக் கொஞ்சம் கீழ வெட்டினா புதர் அடர்த்தியா வரும். ஆகஸ்ட் கடைசியில 10 செ.மீ. குச்சி ஆறு வெட்டு, கீழ் இலையைக் களை, வேர்ப்பொடியில (வேர் விட வைக்கிற பொடி) தொட்டு, பாதி பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் மணி) பாதி கம்போஸ்ட்ல நடு. ஜன்னலோரம் வெச்சுக்கோ. தாய்ச்செடி போனாலும் பிள்ளைகள் உள்ள இருக்கும்.