விஸ்கஸ்: பிசுக்கா, பாகா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘விஸ்கஸ்’ (viscous) என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் ‘பிசுக்கான’ என்று ஆளலாம் என நேற்று முன்வைக்கப்பட்ட கருத்தை அச்சொல்லின் பிறப்பு ஒரு வகையில் ஆதரிக்கவே செய்கிறது. இலத்தீனில் ‘விஸ்கும்’ என்பது மரக்கிளைகளில் ஒட்டி வளரும் புல்லுருவி வகையொன்றின் பெயர். அதன் கனியிலிருந்து எடுத்த பசையைக் கொம்புகளில் தடவிப் பறவை பிடித்ததால், அந்தப் பசைக்கும் அதுவே பெயராயிற்று. இதனோடு ‘நிறைந்த’ என்று பொருள்தரும் ‘ஓசுஸ்’ ஈறு சேர்ந்து ‘விஸ்கோசுஸ்’ ஆனது. ஆங்கிலத்தில் அவ்வீறு ‘அஸ்’ எனத் தேய்ந்தது. ‘விஸ்காசிட்டி’ என்னும் பெயர்ச்சொல்லில் மட்டும் பழைய ஈற்றின் ஒலி இன்னும் காதில் விழுகிறது.

ஆயினும் இயற்பியலில் இச்சொல் குறிப்பது ஒட்டும் தன்மையை அன்று. பாய்மத்தின் (நீர், காற்று போலப் பாயும் பொருளின்) அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது எழும் உள் உராய்வையே. பாதரசம் கண்ணாடியில் ஒட்டுவதில்லை; ஆனால் அறை வெப்பநிலையில் அதன் விஸ்காசிட்டி நீருக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நியூட்டனும் 1687-இல் வெளியான ‘பிரின்சிபியா’வில் பாய்மப் பகுதிகளுக்கு வழுக்கும் தன்மை குறைவதால் எழும் தடை என்றே இதைச் சொன்னார், பசை அங்கே பேச்சிலேயே இல்லை. ‘பிசுக்கு’ வேருக்கு உண்மையாக இருந்து பொருளைக் கைவிட்டுவிடுகிறது. (எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அழுக்கும் கூடவே வந்துவிடும்.)

பாடநூல்களில் வழங்கும் ‘பாகியல்’ அடிச்சொல்லைச் சரியாகத் தேர்ந்தது. சமையலறையில் பாகின் பதத்தை அது வழிகிற, கம்பியாய் நீள்கிற விதத்தைக் கொண்டுதான் பார்க்கிறோம். குறை ஈற்றில் இருக்கிறது: இயற்பியல், வேதியியல் என்று பழகிய காதுக்குப் ‘பாகியல்’ ஒரு துறையின் பெயராகவே கேட்கும். இலத்தீன் ஈற்றைப் பின்பற்றிப் ‘பாகார்ந்த’ (பாகு நிறைந்த) என்று சொல்வதும் உதவாது. காற்றுக்கும் இப்பண்பு உண்டு, ‘பாகார்ந்த காற்று’ என்றால் மாணவர் சிரிப்பார்கள். மேலும் அவ்வீறு தன் பொருளை என்றோ இழந்துவிட்டது. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே முதலியோர் வகுத்த வேதிப் பெயரிடலில், ‘நிறைந்த’ என்னும் அதே ஈற்றின் பிரெஞ்சு வடிவம் ஆக்சிஜன் குறைந்த அமிலத்தின் அடையாளமாயிற்று!

எனவே பண்புக்குப் ‘பாகுமை’ என்றும், பெயரடை வேண்டும் இடங்களில் ‘பாகுமையுள்ள’ என்றும், தொகையாகப் ‘பாகுமை விசை’ என்றும் கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. ‘மை’ ஈறு பண்படிகளோடு (பண்பைக் குறிக்கும் அடிச்சொற்களோடு) மட்டுமே சேரும் என்ற மறுப்பு எழலாம். ஆனால் தாய்மையும் ஆண்மையும் பெயர்ச்சொல் அடியாகப் பிறந்தவையே. மாற்றுச் சொல் தருவோர், அது ‘பாகுமையற்ற பாய்மம்’ போன்ற தொடரில் எப்படி அமைகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.