டைமிங்குக்கு 'முந்துகோணம்': ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

'இக்னிஷன் டைமிங்' என்றால், பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு முந்திப் பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும் என்ற அளவு. அதற்கு 'எரிபற்றல் நேரம்' போதும் என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். 'எரிபற்றல்' நம் பாடநூல்களில் பழகிய சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. 'நேரம்' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. முகத்துவாரத்துப் படகுக்காரரும் எஞ்சின் திருத்தும் பாஸும் பக்கத்தில் விரித்துவைத்து வேலை செய்யும் கைநூலுக்கு இந்தச் சொல் போகப்போகிறது. படகின் பின்னால் மாட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு (அவுட்போர்ட்) இயந்திரத்தில் அவர்கள் கை வைப்பது நேரத்தில் அல்ல.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் பொயின்ட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பொயின்ட் என்பது திறக்கும் கணத்தில் பிளக்கில் தீப்பொறி விழவைக்கும் தொடுமுனை. இடைவெளி கூடினால் பொயின்ட் முந்தித் திறந்து டைமிங்கையும் மாற்றிவிடும். அப்புறம் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் பிஸ்டன் நகரும் தூரத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் முள்ளைப் பூச்சியத்தில் வைக்கிறோம். ஃப்ளைவீலைப் பின்னோக்கித் திருப்பி, உச்சியிலிருந்து அந்த எஞ்சினுக்கு உரிய மில்லிமீட்டர் தூரத்தைச் சற்றுத் தாண்டிப் போய், மெதுவாக முன்னோக்கி அந்த அளவுக்கு வருகிறோம். பொயின்ட் வயரைக் கொயிலிலிருந்து பிரித்துவிட்டு, சரியாக அங்கேதான் திறக்கிறதா என்று மீட்டரில் பார்க்கிறோம். அளப்பதெல்லாம் பிஸ்டன் நிற்கும் இடம்தான். தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தாலும் ஃப்ளைவீலில் படிப்பது பாகைக் குறியை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும்போது 20 பாகை திரும்ப 3.3 மில்லிசெக்கன் ஆகிறது. 5,000 சுற்றில் 0.67 மில்லிசெக்கன்தான். கோணம் ஒன்று, நேரம் ஐந்து மடங்கு வேறு. 'எரிபற்றல் நேரம் 20 பாகை' என்று எழுதினால் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

'பொறிநேரம்' என்ற யோசனை அதைவிடச் சிக்கலானது. பொறி என்றால் இயந்திரமும்தான். எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்ற கணக்காக அதைப் படித்துவிடுவார்கள்.

ஆகவே 'முந்துகோணம்' என்று வைப்போம். மில்லிமீட்டரில் சொல்லும்போது 'முந்துதூரம்'. அட்வான்ஸ் செய்வது 'முந்தவைத்தல்', ரிடார்ட் செய்வது 'பிந்தவைத்தல்'. முந்தியும் பிந்தியும் எல்லார் வாயிலும் உள்ளவை, யாரும் அகராதி புரட்ட வேண்டாம். இந்த எஞ்சின்கள் பலவற்றில் திரொட்டிலைத் திருகும்போது ஃப்ளைவீலுக்குக் கீழே உள்ள தட்டும் சேர்ந்து திரும்பி எரிபற்றலை முந்தவைக்கும். ஒரு போல்ட் அதை நிறுத்தும். அந்த இடத்துக்கு 'முந்துகோண எல்லை' தானாகவே பொருந்துகிறது.

மண்ணெண்ணெயில் ஓடும் படகுகளை நினைத்துத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது தட்டாமல் எரியும் திறன், குறைவு; பெற்றோலுக்குரிய அளவுக்கு முந்தவைத்தால் எஞ்சின் தட்டும், கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும். கைநூலில் அந்த எச்சரிக்கையை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு உரிய முந்துகோண எல்லையைத் தாண்ட வேண்டாம். தட்டும் சத்தம் கேட்டால் எஞ்சினை நிறுத்தி, எரிபற்றலைப் பிந்தவையுங்கள்.' இதே இரண்டு வரிகளை 'நேரம்' வைத்தும் யாராவது எழுதிக் காட்டுங்கள், ஒப்பிட்டு முடிவெடுப்போம். ஃப்ளைவீலுக்குப் 'பறப்புச் சில்லு' வேண்டுமா என்பதை அடுத்ததாகப் பேசலாம்.